உயிரோடு இருந்தவருக்குப் போட்ட இலை

கதவு சாத்தியிருந்தது. நாங்கள் எல்லாரும் வெளியே முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே இறந்துபோனவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம்வரை என் பிரசவக் கதைகளைப் படித்து வந்தவர்கள் பயப்பட வேண்டாம். உங்கள் மருத்துவச்சி மிஸிக்குப் புத்தி கலங்கிவிடவில்லை. இது மலாக்காவில், காஜா பேராங்கில் செட்டிமார் வீட்டுப் படையல். பர்ச்சு என்பார்கள். முன்னோர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போட்டு, உயிரோடு இருந்தபோது அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் வைத்து, விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமாம். அதுவரை உயிரோடு இருப்பவர்கள் வெளியே பசியோடு நிற்க வேண்டும்.

அது பழக் காலத்துப் பர்ச்சு. டுரியான் பழ வாசம் கதவிடுக்கு வழியாக வந்து வயிற்றைக் கிள்ளியது. அப்போதுதான் வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. தகரப் பெட்டியும் குடையுமாக ஒரு மனிதர் இறங்கினார். நரைத்த மீசை, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய வேட்டி.

முதலில் பார்த்தது பீபிக் தைலம், வீட்டுக்கார அம்மாள். "அடோய்!" என்று ஒரு சத்தம் போட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் சிங்காரம் பாபா திரும்பிப் பார்த்தார். வந்த மனிதரைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார், மறுபடியும் மனிதரைப் பார்த்தார். பிறகு அவர் கேட்டதை என் காதால் கேட்டேன்.

"அபாங், நீ உள்ளே இல்லையா?"

அபாங் என்றால் அண்ணன். வந்தவர் பாபாவின் கூடப்பிறந்த அண்ணன் வேலு. அன்றைக்கு உள்ளே போட்டிருந்த இலைகளில் கடைசி இலை அவருக்குப் போட்டது.

போலே பாபா

கதை கொஞ்சம் அங்கேயே நிற்கட்டும். பாபாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

மலாக்கா செட்டிகள் பல தலைமுறைக்கு முன்னால் தமிழ்க் கரையிலிருந்து வணிகம் செய்ய வந்து, இங்கேயே பெண் கட்டி, தமிழை மறந்து சாமியை மட்டும் மறக்காமல் இருப்பவர்கள். அவர்களில் பெரிய பாக்கு வியாபாரக் குடும்பம் சிங்காரம் பாபாவுடையது. ஆற்றங்கரையில் அவர்கள் கிட்டங்கியைத் தாண்டிப் போனால் சேலையில் பாக்கு வாசம் ஏறிக்கொள்ளும். வெள்ளைக்காரன் அவரை முனிசிபல் கமிஷனராக நியமித்திருந்தான். செட்டிமார் அவரைத் தங்கள் தலைவராக வைத்திருந்தார்கள். மற்றவர்கள் அவரைத் தங்கள் அவசரத்துக்கு வைத்திருந்தார்கள்.

யார் போய் எதைக் கேட்டாலும் பாபா சொல்வது ஒரே வார்த்தை. "போலே." மலாயில் அதற்கு 'ஆகட்டும், முடியும்' என்று பொருள். தெருவிளக்கு வேண்டுமா, போலே. மழைவெள்ளத்தில் அரிசி வேண்டுமா, போலே. நாதியில்லாமல் செத்தவனுக்குப் பெட்டி வேண்டுமா, அவன் எந்த மதமாக இருந்தாலும் போலே. ஊரில் அவருக்குப் போலே பாபா என்றே பேர்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவரிடம் சொன்ன போலே அவருக்கு இன்னொருவரிடம் பேசும்போது ஞாபகம் இருக்காது. ஒருமுறை ஒரே நாளில் தெங்கேராவில் ஒரு கல்யாணத்துக்கும் பக்கத்துத் தெருவில் ஒரு சாவுக்கும் தன் வீட்டுப் பந்தலைத் தருவதாகச் சொல்லிவிட்டார். இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். பாபா கொஞ்சமும் கலங்கவில்லை. பந்தலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார். அன்று மழை பெய்தது. மாப்பிள்ளை பாதி நனைந்தான், பிணமும் பாதி நனைந்தது என்று ஊரில் வெகு நாள் பேசிக்கொண்டார்கள்.

அவர் தமிழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கோட்டையாரோடும் கப்பல்காரரோடும் வியாபாரம் பேசிப் பொறுக்கிய தமிழ் அது. அதில் 'நீங்கள்' கிடையாது. கவர்னர் துரை தமிழ் பேசியிருந்தால் அவருக்கும் 'நீ'தான். ஆனாலும் என்னைப் பார்த்தால் விடாமல் தமிழில்தான் பேசுவார். மரியாதை தருவதாக அவருக்கு நினைப்பு.

பிரம்மச்சாரி பேரில் பிரசவ விடுதி

நான் அப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. வெள்ளைச் சீருடை போட்ட எந்தப் பெண்ணும் இந்த நாட்டில் மிஸிதான், நானும் மிஸி ஆனேன். காஜா பேராங், தெங்கேரா, அந்தப் பக்கம் செங் வரைக்கும் பிள்ளைப்பேறு பார்ப்பது என் வேலை.

வேலையில் எனக்குப் பயம் கிடையாது. பயம் எல்லாம் ரோட்டில்தான். செங் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து வலி கண்ட பெண்ணை மாட்டு வண்டியில் ஏற்றினால் ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் என்னவெல்லாமோ நடந்துவிடும். வண்டியிலேயே பிள்ளை பிறந்தால் அது நல்ல நாள். வண்டியை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் திருப்பிக்கொண்டு போன நாட்களும் உண்டு. அப்படி ஒரு நாள் கழிந்து, சீருடையில் கறை காயாமலே நேராகப் பாபாவின் கிட்டங்கிக்குப் போய் நின்றேன்.

"பாதி வழியில, காஜா பேராங்குல, ஒரு சின்ன இடம் வேணும் பாபா. நாலு கட்டில், ஒரு கிணறு, ஒரு அடுப்பு. அது போதும்."

"போலே," என்றார். நான் நம்பவில்லை. ஆனால் அடுத்த மாதமே நிஜமாகவே ஓர் இடம் வந்தது.

அது வேலு பாபாவின் இடம். தகப்பனார் மூத்தவருக்கென்று விட்டுப்போன தோட்டம், நடுவில் பலா மாதிரி ஒரு சம்பெடாக் மரம். வேலு பாபா பல வருடங்களுக்கு முன்னால் பாக்குக் கப்பலோடு நாகப்பட்டினம் போனவர். ஒரு பருவம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. கடிதம் போடும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. யாராவது போகிறபோது சொல்லி அனுப்புவார்கள், அவ்வளவுதான். அப்படித்தான் அந்த மாதம் ஒரு கப்பல் சமையற்காரன் வந்து, நாகப்பட்டினத்தில் பேதி கண்டு பெரிய பாபா போய்விட்டார் என்று சொன்னான்.

பாபா அழுத அழுகை எனக்குத் தெரியும். மூன்று நாள் யாருக்கும் போலே சொல்லவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மிஸி, அந்த தோட்டம் நீ எடு. அபாங் பேர் போடு. பேபி நிறைய பொறக்கட்டும்."

வேலு பாபா கல்யாணமே செய்துகொள்ளாதவர். பிரம்மச்சாரி நினைவாகப் பிரசவ விடுதி என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இடம் கிடைத்தால் போதும், ஔரங்கசீப் பேரை வைத்தாலும் எனக்குச் சம்மதம். செங்கல் வந்து இறங்கியது. ரெசிடெண்ட் கவுன்சிலர் துரை அடிக்கல் நாட்ட ஒப்புக்கொண்டார். அதற்கு முன்னால் வந்த பர்ச்சுக்குப் பாபா என்னையும் அழைத்தார். அங்கேதான் நாம் கதவுக்கு வெளியே நிற்கிறோம்.

டுரியான்

வேலு பாபா பெட்டியையும் குடையையும் முற்றத்தில் வைத்தார். செருப்பைக் கழற்றினார், கதவைத் தள்ளினார், உள்ளே போனார். முன்னோர் சாப்பிடும்போது கதவைத் திறக்கக் கூடாது. ஆனால் யாருக்காக மூடினோமோ அவரே திறந்தால் என்ன செய்வது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தலைவர் என்ற முறையில் பாபாவுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தொப்புள்கொடி கட்டத்தான் தெரியும்.

நாங்களும் பின்னாலேயே போனோம். புகைக்கு நடுவே வேலு பாபா கடைசி இலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தேங்காய்ப்பால் சோறு, மீன் பிண்டாங் குழம்பு, மிளகாய்ச் சம்பால், மடித்து வைத்த புதுச் சாரோங், இலை ஓரத்தில் நான்கு சுளை டுரியான்.

"இது யாருக்கு?"

எல்லாரும் பாபாவைப் பார்த்தார்கள்.

"எனக்கா?" என்றார் தமிழில். நாகப்பட்டினத்துத் தமிழ், சுத்தமாக இருந்தது. "நான் செத்துட்டேன்னு யார் சொன்னது?"

"கப்பல் குக்கு சொல்லியாச்சு," என்றார் பாபா, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி. "பேதின்னு சொன்னான்."

"பேதி வந்தது. போச்சு. நான் போகல." வேலு பாபா குனிந்து இலையைப் பார்த்தார். "சரி, செத்ததாவே இருக்கட்டும். டுரியானை யாருடா வச்சது? சின்ன வயசிலேருந்து அந்த வாசம் பட்டாலே எனக்கு வாந்தி வரும். உனக்குத் தெரியாது?"

பாபா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். டுரியானுக்காக உயிரை விடுபவர் பாபாதான். தனக்குப் பிடித்ததை அண்ணனுக்கும் வைத்துவிட்டார். சின்ன வயதிலிருந்து அண்ணன் பங்கையும் சேர்த்துத் தின்றவருக்கு, அண்ணன் ஏன் தன் பங்கைக் கொடுத்தார் என்று அன்றைக்குத்தான் புரிந்திருக்க வேண்டும்.

பீபிக் தைலம்தான் காரியத்தை முடித்துவைத்தார். மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "யாருக்குப் படைத்தோமோ அவர் வந்திருக்கிறார். மற்றவர்களெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் சாப்பிடுகிறார்கள், இவர் தெரிந்து சாப்பிடப் போகிறார். உட்காரச் சொல்லுங்கள், சோறு ஆறுகிறது."

வேலு பாபா உட்கார்ந்தார். டுரியானைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டு, இறந்தவர்கள் வரிசையில் தன் இலையில் சாப்பிட்டார். பாபா பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணீர் ஒழுக ஒழுக நான்கு சுளையையும் தின்று தீர்த்தார். நான் சிரித்தேன். ஒரு வெற்றிலை போடும் நேரம்தான் அந்தச் சிரிப்பு நிலைத்தது.

"கடைசிக் காலத்துக்கு வந்துட்டேன்டா," என்றார் வேலு பாபா. "அந்த சம்பெடாக் தோட்டத்துல ஒரு சின்ன வீடு கட்டிக்கிட்டு இருந்துடலாம்னு பாக்கிறேன்."

"போலே, அபாங்! போலே!"

இரண்டு போலே

பாபாவை அடுப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். கமிஷனரை இப்படி இழுக்கலாமா என்றெல்லாம் அன்று தோன்றவில்லை.

"என்ன பாபா இது? அது விடுதிக்குக் குடுத்த இடம்!"

"மாரா வேண்டாம் மிஸி, கோவம் வேண்டாம். உனக்கும் போலே."

"ரெண்டு பேருக்கும் எப்படிப் போலே?"

"ஒரு சைடு அபாங். ஒரு சைடு பேபி."

"பந்தலைப் பிரிச்ச மாதிரியா? உங்க அண்ணன் வீடு கட்டினா எனக்கு மிஞ்சுறது மரத்தடிதான். மரத்தடியிலயா பிள்ளை பெறச் சொல்றீங்க?"

பாபா தலையைச் சொறிந்தார். "அபாங் செத்துப் போனான், அழுதாச்சு. இப்ப வந்தான். வந்த நாளே 'உன் தோட்டம் இல்லை'ன்னு நான் எப்படி சொல்றது? நீ சொல்லு மிஸி. உன் அண்ணன்னா நீ சொல்வியா?"

நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் கோபத்தை இன்னும் கிளப்பியது. இடம் வேலு பாபாவுடையது. உயிரோடு இருக்கிறார், வயதாகிவிட்டது, தலை சாய்க்க ஓர் இடம் கேட்கிறார். அவர் கேட்பதில் தப்பே இல்லை. தப்பில்லாத மனிதரிடம் சண்டைக்குப் போவதைப் போலக் கஷ்டம் வேறில்லை. ஆனால் துரை தேதி கொடுத்துவிட்டார். இந்த இடம் போனால் இன்னோர் இடம் பாபா வாயில் வரும், கையில் வராது. செங் ரோட்டில் மாட்டு வண்டிகள் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

செங்கல் மேல்

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் தோட்டத்துக்குப் போனேன். வேலு பாபா விடுதிக்கு இறக்கிய செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன கல்லும்மா? தம்பி எனக்கு அதுக்குள்ளயா செங்கல் இறக்கிட்டான்?"

பாபா அவரிடம் விடுதியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை! எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். யாருக்காக இந்தச் செங்கல், எத்தனை தூரம் அந்த ரோடு, குலுங்குகிற வண்டியில் ஒரு பெண்ணின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போவது எப்படியிருக்கும், எல்லாம் சொன்னேன். கடைசியில் வாய் தவறிக் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

"கல்யாணம் கட்டாதவங்களுக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாதுங்க."

அவர் கோபப்படவில்லை. செங்கல் அடுக்கில் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.

"எங்கம்மா எப்படிப் போனாங்கன்னு தம்பி சொல்லியிருக்கானா?"

"காய்ச்சல்னு சொல்வாரு." பாபா மேடையில் பேசும்போதெல்லாம் அம்மாவைக் காய்ச்சலில் இழந்ததைச் சொல்லாமல் இறங்க மாட்டார்.

"காய்ச்சல் இல்லம்மா. இவன் பொறந்தது வண்டியில. நல்ல மழை. நான் பின்னாலயே ஓடுனேன், சின்னப் பய. இவன் அழுகுற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல அம்மா சத்தம் நின்னுபோச்சு. வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்ல." அவர் ஒரு செங்கலைத் தடவிக்கொண்டே சொன்னார். "இவன் பொறந்துதான் அம்மா போனாங்கன்னு இவன் காதுல விழக்கூடாதுன்னு அப்பா எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சுக் காய்ச்சல்ல போனதா சொல்லி வளர்த்தோம். அவன் கேப்பான், 'அம்மா என்னைத் தூக்கி வச்சுக்கிட்டாங்களா அபாங்?'ன்னு. நானும் தூக்கினாங்கடா, தாலாட்டினாங்கடான்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். ஒரு நாள் முடியல. பாக்குக் கப்பல் ஏறிட்டேன்."

பிள்ளைப்பேற்றில் எத்தனையோ பார்த்தவள் நான். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

"எனக்கு வீடு வேணாம்," என்றார். "தம்பி வீட்டுலயே ஒரு மூலை குடுப்பான். இல்லைன்னு சொல்லத்தான் அவனுக்கு வராதே. ஆனா ரெண்டு விஷயம். என் பேரு வேணாம், எங்கம்மா பேரப் போடுங்க. இன்னொண்ணு, நான் சொன்னது தம்பி இருக்கிற வரைக்கும் உங்களோட இருக்கட்டும்."

இருந்தது. பாபா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. அண்ணனும் இன்றைக்கு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மாவின் பேர்

அண்ணன் விட்டுக்கொடுத்ததைக் கேட்டு பாபா துள்ளிக் குதித்தார். அம்மா பேர் என்றதும் இன்னும் சந்தோஷம். கல் கொத்தும் ஆசாரியை உடனே வரச்சொல்லிவிட்டார். ஆசாரி உளியோடு வந்து நின்று, "என்ன பேர் பாபா?" என்றான்.

பாபா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பாபாவைப் பார்த்தார்.

"நீதானே பெரியவன், உனக்கு தெரியாதா?"

"நான் மாக்னுதான் கூப்பிட்டேன்." மாக் என்றால் அவர்கள் பேச்சில் அம்மா. "அப்பா 'ஓய்'னு கூப்பிடுவாரு."

பீபிக் தைலத்தைக் கேட்டார்கள். வருஷா வருஷம் பர்ச்சில் முதல் இலை மாமியாருக்குத்தான். ஆனால் அந்த இலையையும் மாக் இலை என்றே அவர் போட்டு வந்திருக்கிறார். கோயிலில் கேட்டார்கள். பாபாவுடைய தகப்பனார் வீட்டுக்காரி என்பதைத் தாண்டி யாருக்கும் நினைவில்லை. ஊரில் உள்ள சாக்கடைக்கெல்லாம் பேர் தெரிந்த முனிசிபல் கமிஷனருக்குப் பெற்றவள் பேர் தெரியவில்லை. அன்றைக்கு இதைச் சொல்லி அவரைக் கேலி செய்ய எனக்கு நாக்கு வரவில்லை.

கடைசியில் ஆசாரியிடம் 'ரூமா மாக்' என்று வெட்டச் சொன்னார்கள். அம்மாவின் வீடு.

திறப்பு விழாவில் பாபா வெள்ளைக் கோட்டும் சாரோங்குமாக நின்று வழக்கம்போல நீளமாகப் பேசினார். "என் மாக் காய்ச்சல்லே போனாங்க. ஆனா என்னை தூக்கி வச்சாங்க, பாட்டு பாடுனாங்க. அபாங் பார்த்தான்," என்று தமிழிலேயே சொன்னார். கூட்டம் கைதட்டியது. வேலு பாபா முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டி, "ஆமா, பார்த்தேன்," என்றார். நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவதுபோல் நடித்தேன். பக்கத்தில் இருந்த துரைசாணி தண்ணீர் கொடுத்தாள்.

முதல் மாதம் செங் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தலைப்பிள்ளை, கையில் ஒரு துணி மூட்டை. அவள் அம்மா கடலுக்கு அந்தப் பக்கம், சேலம் ஜில்லாவில் எங்கேயோ இருந்தாள். எங்கேம்மா வந்தாய் என்று வழக்கப்படி கேட்டேன். "பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கேன் மிஸி," என்றாள். தோட்டத்தில் அதற்குள் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம். ஊரில் இருந்திருந்தால் தலைப்பிள்ளைக்கு நிஜமாகவே அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள்.

இதை வேலு பாபாவிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து காலையில் வந்து விடுதி வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். கண் மங்கும்வரை அந்த வேலையை விடவில்லை. வண்டி வந்து நின்றால் எழுந்து போய், தாய்மாமன் மாதிரி மூட்டையை வாங்கிக்கொள்வார். பேர் கேட்க மாட்டார், ஊர் கேட்க மாட்டார். எல்லாரிடமும் ஒன்றுதான் கேட்பார்.

"வாம்மா. வழியில ஒண்ணும் கஷ்டம் இல்லையே?"